கதவின் அடியில் கேட்ட தட்டல்

சென்ற கிழமை என் பெயருக்கு ஜூரி அழைப்பாணை வந்தது. உறையைப் பிரித்தவள் என் மனைவி பவானி. வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இவ்வளவு காலமும் கதவுக்கு வெளியில நிண்டனீங்கள். இப்ப உள்ளுக்கு வரச்சொல்லி மரியாதையாக் கேக்கினம். போங்கோவன்."

நீதிமன்றத்தில் வேலை செய்கிறவர்களை இந்த நாட்டில் ஜூரியில் சேர்ப்பதில்லை. ஓய்வு பெற்றால் அந்தத் தடை போய்விடும். நான் ஆக்லாந்து நகர மையத்தில் ஒரு நீதிமன்றத்தில் ஜூரி உதவியாளனாக இருந்து, தலை நரைத்து, முழங்கால் தேய்ந்து, கேக் வெட்டி அனுப்பப்பட்டவன். அறுபத்தைந்து தாண்டியவர்கள் வரவில்லை என்று எழுதிப்போட்டால் விட்டுவிடுவார்கள். மகளும் அதைத்தான் ஆங்கிலத்தில் சொல்கிறாள். நான் இன்னும் எழுதவில்லை. அழைப்பாணை பிரிட்ஜ் கதவில் ஒரு காந்தத்தின் கீழ் தொங்குகிறது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன்.

என் பிரியாவிடையன்று, புதிதாகச் சேர்ந்திருந்த கோயம்புத்தூர்ப் பெண் நித்யா கேட்டாள்: "சார், இத்தன வருஷம் அந்த வாசல்லயே உக்காந்திருந்தீங்க. உள்ள என்னதான் பேசுவாங்க?"

"தெரியாது பிள்ளை" என்றேன்.

"சும்மா சொல்லுங்க சார், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் நம்பவில்லை. உண்மை அதுதான். பன்னிரண்டு பேர் உள்ளே போவார்கள். கதவு சாத்தப்படும். வெளியே வந்து ஒன்று அல்லது இரண்டு சொற்கள் சொல்வார்கள். ஒரு மனிதன் வீட்டுக்குப் போவான் அல்லது கீழே இருக்கும் கைதிகள் அறைக்குப் போவான். ஏன் என்று யாரும் அவர்களைக் கேட்க முடியாது. அவர்களும் சாகும்வரை சொல்லக்கூடாது. சாதாரண ஆட்களுக்குச் சட்டம் என்ன தெரியும், எல்லாவற்றையும் நீதிபதியே தீர்த்துவிட்டுப் போகலாமே என்று இப்போது அடிக்கடி பேச்சு எழுகிறது. அப்படிப் பேசுகிறவர்கள் யாரும் அந்த வாசலில் உட்கார்ந்ததில்லை. எனக்கு இதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் ஒரு வழக்கைச் சொல்லவேண்டும். சொல்லாமல் அந்த அழைப்பாணைக்குப் பதில் எழுத என்னால் முடியவில்லை.

யாழ்ப்பாணத்தில் படித்து, கொழும்பில் ஒரு கம்பனியில் கணக்கெழுதி, இங்கே வந்து சூப்பர்மார்க்கெட்டில் பெட்டி அடுக்கி, பிறகு தற்செயலாக நீதிமன்ற வேலைக்கு விண்ணப்பித்தவன் நான். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஹெதர் இருந்தாள், அதுவே பயிற்சி.

ஹெதர் ஜூரிப் பிரிவின் பொறுப்பாளர். மெலிந்த, உயர்ந்த பெண். கட்டடம் தீப்பிடித்தாலும் ஓடமாட்டாள் என்று நாங்கள் கேலி செய்வோம். ஜூரி அறைக் கதவைத் திறப்பதற்கு முன் தன் சாம்பல் நிறக் கார்டிகனின் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போடுவாள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "அவசரத்தில் முகத்தில் எதையாவது காட்டிவிடுவோம். பொத்தான் போட்டு முடிய முகம் காலியாகிவிடும்" என்றாள். அவள் மற்றவர்களைத் திட்டியதை நான் கேட்டதேயில்லை. பிழை செய்தவனுக்கு முன் நின்று, அவன் செய்த பிழையை அவனே சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருப்பாள். திட்டு வாங்குவது அதைவிட மேல்.

ஜூரர்களைத் தெரிவு செய்யும் காலை நேரம் எனக்குப் பிடித்தமானது. பெட்டியிலிருந்து சீட்டு எடுத்துப் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவர் எழுந்து, எல்லோரும் பார்க்க, ஜூரி ஆசனங்களை நோக்கி நடந்து போகவேண்டும். அவர் உட்காருவதற்குள் இரண்டு பக்க வழக்கறிஞர்களில் ஒருவர் வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் அவர் திரும்பிப் போகவேண்டியதுதான். காரணம் சொல்லமாட்டார்கள். பஸ் ஓட்டுநர், பல் வைத்தியர், மீன்கடைக்காரர், பேரப்பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் வந்த அம்மா, யாராயிருந்தாலும் அந்த நடை ஒரே நடைதான். பெண் பார்க்கும் சடங்கில் அந்தப் பெண் கோப்பித் தட்டோடு வருகிற மாதிரி இருக்கும். முதல்நாள் முணுமுணுத்துக்கொண்டு வருகிறவர்கள் மூன்றாம் நாள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த மாற்றத்தை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன்.

சாட்சியங்கள் முடிந்து ஜூரி ஆலோசனைக்குப் போகும்போது நானும் ஓர் உறுதிமொழி எடுப்பேன். இவர்களை ஒதுக்கமான இடத்தில் வைத்திருப்பேன், எவரையும் இவர்களோடு பேச விடமாட்டேன், நானும் பேசமாட்டேன் என்பதுதான் அதன் சாரம். தீர்ப்புக்கு வந்துவிட்டீர்களா என்ற ஒரு கேள்வி மட்டும் கேட்கலாம். ஹெதர் அதையும் கேட்க விடமாட்டாள். "அவர்கள் தட்டினால் திற. ஓர் அடி பின்னால் நில். வாயை மூடிக்கொள். அவர்களே சொல்வார்கள்."

இது எனக்குக் கடைசிவரை கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு வீட்டின் கதவைத் திறந்துவிட்டு உள்ளே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நிற்க எங்கள் ஆட்களுக்கு வராது. "கூப்பிட்டனீங்களோ" என்றாவது கேட்டுவிட வாய் துடிக்கும்.

அறைக்குள் ஒரு மணிப் பொத்தான் இருந்தது. ஆனாலும் பெரும்பாலும் தட்டவே செய்வார்கள். போகப்போகத் தட்டலை வைத்தே எனக்கு விஷயம் தெரிந்துவிடும். தேநீர் கேட்கும் தட்டல் கூச்சமானது. நீதிபதியிடம் கேள்வி இருந்தால் இரண்டு தட்டு, நடுவில் யோசனை. தீர்ப்பு என்றால் உரத்த தட்டல். இனி இந்த அறையில் இருக்கமுடியாது என்று தட்டுகிற கை அது.

இனி அந்த வழக்கு.

ஆக்லாந்தின் புறநகரான ரானுயியில் ஒரு வீடு. அதில் இரண்டு சகோதரர்கள். மூத்தவர் ராய் பக்கவாதத்தில் ஒரு பக்கமும் பேச்சும் போனவர். இளையவர் கெவின், ஐம்பது வயதுக்காரர், அண்ணனைப் பார்த்துக்கொண்டவர். வீட்டின் பின்பக்கத்தில் ஒட்டிக் கட்டிய அறையில் ராய் இருந்தார். அந்த அறைக்கும் கெவின் இருந்து டிவி பார்க்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஒரு பின்னேரம் ராய் கட்டிலிலிருந்து விழுந்தார். எழும்ப முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. நல்ல கையால் சுவரைத் தட்டியிருக்கிறார். மறுநாள் காலை கெவின் உள்ளே போனபோது உயிர் இல்லை. கேட்டும் போகாமல் இருந்தார் என்பது குற்றச்சாட்டு. எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று கெவின் சத்தியம் செய்து சொன்னார். கேட்டதா கேட்கவில்லையா, அது ஒன்றுதான் வழக்கு. கேட்டிருந்தால் பல வருடச் சிறை. கேட்கவில்லை என்றால் வீடு.

வேலிக்கு அடுத்த பக்கத்து வீட்டுக்காரர், அன்று பொழுது சாய்ந்த பிறகும் யாரோ ஆணி அடிப்பது மாதிரிச் சத்தம் கேட்டதாகச் சொன்னார். எப்படிப்பட்ட தட்டல், எத்தனை தட்டல் என்று அவரை யாரும் கேட்கவில்லை. வேலிக்கு அப்பால் கேட்டது சுவருக்கு இப்பால் எப்படிக் கேட்காமல் போகும் என்றார் அரசுத் தரப்பு வழக்கறிஞர். நடுச்சுவருக்குள் குளிர் தடுக்கப் பஞ்சு அடைத்திருக்கிறது, ஹாலில் டிவியும் ஹீட்டரும் ஓடின, சத்தம் ஜன்னல் வழியாக வெளியேதான் போகும் என்றார் கெவினின் வழக்கறிஞர்.

ஜூரி வீட்டைப் பார்க்கவேண்டும் என்று கேட்டது. அபூர்வமாக அதற்கு அனுமதி கிடைக்கும். வான் வண்டியில் அழைத்துக்கொண்டு போனோம், நீதிபதி, வழக்கறிஞர்கள் எல்லோரும் வந்தார்கள். பார்க்கலாம், பேசக்கூடாது, எதையும் தொட்டுச் சோதிக்கக்கூடாது, முக்கியமாகச் சுவரைத் தட்டக்கூடாது என்று நீதிபதி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சோதனை செய்து பார்த்தால் அது நீதிமன்றத்தில் யாரும் கேள்வி கேட்கமுடியாத சாட்சியம் ஆகிவிடும்.

நல்ல வெயில் அடித்த முற்பகல். அந்த வீட்டுக்குள் மட்டும் ஈரம். மாதக்கணக்காக மூடிக் கிடந்த வீட்டில் பன்னிரண்டு பேர் ஒரு சொல் பேசாமல் நடப்பதைக் கற்பனை செய்துபாருங்கள். இருமல் இல்லை, தொண்டைச் செருமல்கூட இல்லை. பின் அறையில் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நிலத்திலிருந்து ஒரு முழம்கூட இல்லாத உயரத்தில், சுவரில் சின்னச் சின்னக் குழிகள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்த குழிகள். பிறகு ஹாலுக்கு வந்து அதே சுவரின் மறுபக்கத்தைப் பார்த்தார்கள். அங்கே ஒன்றுமில்லை, வழுவழுவென்று வெள்ளையாக இருந்தது. ஜூரித் தலைவி, நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண்மணி, கையை முஷ்டியாக்கி மெல்ல உயர்த்தினார். பிறகு மற்றக் கையால் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டார். வண்டியில் திரும்பும்போதும் எவரும் பேசவில்லை.

ஆலோசனை தொடங்கி இரண்டாம் நாள், மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. கதவுக்கு வெளியே நாற்காலியில் நான். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் மேசையில் ஹெதர். தட்டல் கேட்டது.

மூன்று, நிதானமாக. ஒரு இடைவெளி. பிறகு ஒன்று.

அப்படி ஒரு தட்டலை நான் கேட்டதில்லை. தேநீருமில்லை, கேள்வியுமில்லை. அதோடு அது கதவின் அடியிலிருந்து வந்தது. என் முழங்காலுக்கும் கீழே. எழுந்து திறந்தேன். கதவருகே ஒருவரும் இல்லை. பன்னிரண்டு பேரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். ஏசி இரைந்துகொண்டிருந்தது. என்ன என்பது போல என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்காமல் கதவைச் சாத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே மூன்று, அதே ஒன்று. திறந்தேன். அதே பன்னிரண்டு முகங்கள், இப்போது எரிச்சலோடு. சாத்திவிட்டு ஹெதரைப் பார்த்தேன். "என்ன செய்கிறாய்?" என்று அவள் கையால் கேட்டாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் தரமும் கேட்டது. சத்தம் வரும்போதே திறந்தேன். கடைசித் தட்டு விழும்போது கதவு என் கையில் அதிர்ந்தது. யாருமில்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"தட்டினீர்களா?"

தலைவி தன் ஆட்களை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள். "இல்லை. நாங்கள் யாரும் எழும்பவேயில்லை. இங்கே ஒரு சத்தமும் கேட்கவில்லையே" என்றார். பிறகு மெதுவாக, "உங்களுக்கு அங்கே கேட்டதா?" என்றார்.

என் முகமே பதில் சொல்லியிருக்கும். பொத்தான் போட எனக்குக் கார்டிகன் இல்லை. ஒரு வயதானவர் கையிலிருந்த கோப்பையைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார். கதவைச் சாத்தினேன்.

நேரே ஹெதரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். தட்டல் கேட்டது, திறந்தேன், இப்படி ஒரு கேள்வி கேட்டுவிட்டேன். அவள் எழுந்து நீதிபதியிடம் போனாள். எல்லோரும் நீதிமன்றத்தில் கூடினோம். ஜூரி உதவியாளருக்கு ஏதோ சத்தம் கேட்டிருக்கிறது, அவர் ஜூரியிடம் தட்டினீர்களா என்று கேட்டிருக்கிறார், பழைய கட்டடம், குழாய்ச் சத்தமாக இருக்கலாம், இதற்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை என்று நீதிபதி சொன்னார். வழக்கறிஞர்கள் இருவருக்கும் ஆட்சேபனை இல்லை. ஜூரிக்கும் அதையே சொல்லித் திருப்பி அனுப்பினார். அவசியமில்லாமல் கதவைத் திறக்கவேண்டாம் என்று எனக்கும் உத்தரவு. எப்படித் தட்டியது, எங்கே தட்டியது என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. நானாகவும் யாருக்கும் சொல்லவில்லை. விசாரணை முழுக்கத் தன் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்த கெவின் அப்போது நிமிர்ந்தார். நீதிபதியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

திரும்பவும் நாற்காலி. வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு கதவின் அடியில் ஒரு தட்டு. ஒன்றே ஒன்று. மிக மெல்லியது. உத்தரவு இருந்ததால் நான் எழும்பவில்லை. எழும்பியிருக்கவும் மாட்டேன். எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது? பட்டப்பகல், தாழ்வாரம் முழுக்க விளக்கு, இருபதடி தள்ளி ஹெதர், ஆனாலும் கால்களை நாற்காலிக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ளலாமா என்று இருந்தது.

சற்றுப் பொறுத்து உரத்த தட்டல். எனக்கு நன்றாகத் தெரிந்த தட்டல்.

குற்றவாளி அல்ல என்றார் தலைவி.

ஜூரர்கள் கோட்டுகளை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். தலைவி என்னிடம் வந்து கை கொடுத்தார். "கதவைத் திறந்து கேட்டீர்களே, அதற்கு நன்றி" என்றார். மேலே ஏதோ சொல்ல வந்து, உதட்டை இறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு விளங்கச் சில விநாடிகள் பிடித்தன. வெளியே இருந்தவனுக்குக் கேட்டது, உள்ளே பக்கத்திலேயே இருந்த பன்னிரண்டு பேருக்குக் கேட்கவில்லை. வேலிக்கு அப்பால் கேட்டது, சுவருக்கு இப்பால் கேட்கவில்லை. நீதிபதி தடுத்த சோதனையை நான் என் ஒரு கேள்வியால் அவர்களுக்குச் செய்து காட்டிவிட்டேன். சம்பந்தமில்லை என்று நீதிபதி சொன்னதை அவர்கள் காதில் வாங்கியிருப்பார்கள். ஆனால் கண்ணால் கண்டதை மனிதர் எப்படி மறப்பது? ஒரு அப்பாவி பிழைத்தான் என்று அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

தன் பொருட்களைத் திருப்பி வாங்குவதற்காகக் கெவின் தாழ்வாரத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வழக்கறிஞர் சற்றுத் தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் கடந்து போகும்போது கெவின் கூப்பிட்டார்.

"சத்தம் கேட்டது உங்களுக்குத்தானே?"

ஆம் என்றேன்.

"கீழேயிருந்தா வந்தது?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாங்கின் மரச்சட்டத்தில் மடக்கிய விரல் மொளியால் தட்டினார். மூன்று, நிதானமாக. ஒரு இடைவெளி. பிறகு ஒன்று.

"இப்படியா?"

என் தலை தானாக ஆடியது.

"கடைசியில் ஒன்று மட்டும் வரும்" என்றார் கெவின். அடுத்த பஸ் எப்போது என்று வழிப்போக்கனுக்குச் சொல்வது போல, கனிவாகத்தான் சொன்னார். "மெதுவாக வரும். அதற்குப் பிறகு நின்றுவிடும். நீங்கள் பயப்படத் தேவையில்லை."

வழக்கறிஞர் வந்து அவர் தோளில் தட்டி, அழைத்துக்கொண்டு போனார்.

அண்ணன் வழமையாகத் தட்டும் முறை தம்பிக்குத் தெரிந்திருக்கும், அதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிப் பார்த்தேன். ஆனால் கடைசித் தட்டு எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தவனுக்குத்தான் தெரியும்.

ஹெதரிடம் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் பொத்தான்களைப் போட்டாள், நடுவில் ஒன்று தவறி மறுபடி போட்டாள். அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் என்னை அழைத்துப் போனாள். அவர் கவனமாகக் கேட்டார். சில கிழமைகள் கழித்துப் பதில் வந்தது: துக்கத்தில் இருக்கும் ஒருவர் சொன்ன தெளிவில்லாத வார்த்தைகள், முடிந்த வழக்கைத் திறக்க இது போதாது.

அந்தப் பன்னிரண்டு பேரையும் நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. இதுதான் என் அபிப்பிராயம். அவர்கள் சட்டம் படிக்காதவர்கள், ஆனால் தங்களுக்கு முன்னால் வந்ததை மனச்சாட்சியோடு நிறுத்துப் பார்த்தவர்கள். அவர்கள் முன்னால் எதை வைப்பது என்பது மற்றவர்களின் பொறுப்பு. அன்று அவர்கள் முன்னால் வந்து நின்றது நான். என்னை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது எது என்று எனக்குத் தெரியாது. அண்ணன் தம்பியைக் காட்டிக்கொடுக்கத் தட்டினாரா, காப்பாற்றத் தட்டினாரா? இரண்டில் எது என்று யோசித்தால் இரண்டாவதுதான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

பவானிக்கு இதெல்லாம் தெரியும். நேற்றுச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அழைப்பாணையைப் பிரிட்ஜிலிருந்து எடுத்தேன். வரமுடியாது என்று எழுத ஒரு நிமிடம் போதும். பேனாவை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். இத்தனை வருடம் ஊர் மனிதர்களை அந்த அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தியவன், தன் முறை வரும்போது முழங்கால் நோகிறது என்று எழுதுவது நியாயமாகப் படவில்லை.

"போறதெண்டு முடிவோ?" என்றாள்.

"ஓம்."

அவள் சிரிக்கவில்லை. கோப்பைகளைத் துடைத்து அடுக்கி முடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"அப்ப கதவடியில இருக்காதேங்கோ. ஆரும் வந்து தட்டினீங்களோ எண்டு கேட்டா, இல்லையெண்டு சொல்லிப்போடுங்கோ."

"தட்டினது எனக்குக் கேட்டிருந்தால்?"

அவள் அழைப்பாணையை எடுத்துப் பழையபடி பிரிட்ஜ் காந்தத்தின் கீழ் செருகினாள்.

வரும் திங்கட்கிழமை போகிறேன்.